மூலிகை எக்ஸ்ட்ராக்ட்டைச் சர்க்கரை நோய்க்குச் சோதிக்கப் போகிறீர்களா? இலை பறிப்பதற்கு முன் படியுங்கள்

சிறுகுறிஞ்சான் இலையின் எக்ஸ்ட்ராக்ட்டை (கரைப்பானில் ஊறவைத்து வடித்தெடுத்த சாரத்தை) சர்க்கரை நோய் உண்டாக்கிய எலிகளில் சோதிப்பது என் ஆய்வு. 9 மாதத்தில் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டு இறங்கினேன். முடிய 22 மாதம் ஆயிற்று. அதில் எலிகளோடு இருந்தது சில வாரங்கள்தான். மீதிக் காலம் முழுவதும், செய்ய வேண்டியதை வரிசை மாற்றிச் செய்ததால் போனது. எலியைத் தொடும் முன்பே இந்த ஆய்வின் தலையெழுத்தில் பாதிக்கு மேல் எழுதியாகிவிடுகிறது. அது எனக்குத் தெரியாமல் போனதால் சாகவேண்டாத எலிகளும் செத்தன. உங்களுக்கு அது நடக்கக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

எம்.ஃபார்ம், எம்.எஸ்சி., சித்த மருத்துவ எம்.டி., முதலாண்டு பிஎச்.டி. மாணவர்களை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். எடுத்துக்காட்டு சிறுகுறிஞ்சான். நீங்கள் ஆவாரம்பூவையோ நாவல் கொட்டையையோ எடுத்தாலும் படிகள் இவைதான்.

1. இலைக்கு முதலில் சான்று வாங்குங்கள்

நான் செய்த முதல் தவறு நாட்டு மருந்துக் கடையில் 2 கிலோ காய்ந்த இலை வாங்கியது. அதை எடுத்துக்கொண்டு தாவரவியலாளரிடம் போனேன். நொறுங்கிப்போன இலைகளை உள்ளங்கையில் போட்டுப் பார்த்துவிட்டு, “தம்பி, இதுல பூ இல்ல, காய் இல்ல, ஒரு கணுகூட முழுசா இல்ல. எதைப் பார்த்து நான் கையெழுத்துப் போடறது?” என்றார். அவர் சொன்னது நியாயம். சிறுகுறிஞ்சான் என்று சொல்லிப் பெருங்குறிஞ்சானைத் தருகிறவர்கள் உண்டு. காய்ந்த பிறகு நமக்கு வித்தியாசம் தெரியாது.

இலை, பூ அல்லது காய், கணு எல்லாம் சேர்ந்த கிளையாக ஓர் அடி நீளத்தில் நான்கைந்து வெட்டுங்கள். செய்தித்தாள்களுக்கு நடுவே வைத்துக் கனமான பாரம் ஏற்றி, தினமும் தாளை மாற்றுங்கள். மாற்றாவிட்டால் பூஞ்சை பிடிக்கும், எல்லாம் வீண். பறித்த தேதி, ஊர், மாவட்டம், ஜிபிஎஸ் அளவு, பறித்தவர் பெயர் ஆகியவற்றை அன்றைக்கே எழுதி வையுங்கள்.

சான்றுக்குக் கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையம் இருக்கிறது. திருச்சி புனித வளனார் கல்லூரியில் ராபினாட் ஹெர்பேரியம் (உலர்தாவரச் சேகரிப்பு) இருக்கிறது. இரண்டும் நல்ல இடங்கள். சான்றில் வவுச்சர் எண் (சேமித்து வைக்கும் உங்கள் மாதிரிக்குத் தரும் அடையாள எண்) இருக்கிறதா என்று பாருங்கள். அந்த எண் இல்லாத கட்டுரையைப் பல ஆய்விதழ்கள் திருப்பி அனுப்பும். ஒரு மாதம் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பணம் பெரிதாக ஆகாது. நாள்தான் ஆகும்.

இதில் பலரும் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று: சான்றுக்குக் கொடுத்த கிளை ஒரு கொடியிலிருந்து, ஆய்வுக்கு எடுத்த இலை வேறெங்கிருந்தோ. இரண்டும் ஒரே இடத்தில் ஒரே நாளில் பறித்ததாக இருக்க வேண்டும். காப்புக்காடு என்றால் வனத்துறை அனுமதி வேண்டும். நான் கடைசியில் தெரிந்தவர் தோட்டத்து வேலியில் படர்ந்திருந்த கொடியில் பறித்தேன். பறிக்கும்போது ஓர் இலையை மென்றுவிட்டு வெல்லத்துண்டை வாயில் போட்டேன். வெல்லம் மணலாகக் கரகரத்தது, இனிப்பே இல்லை. இலையிலுள்ள ஜிம்னிமிக் அமிலம் நாக்கில் இனிப்பை உணரும் இடத்தை அடைத்துவிடுவதால் வருவது இது. பறிக்கும் ஆளுக்கு இது தைரியம் தரும், சான்றுக்கு உதவாது.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து செய்வதாகவோ, மாதிரியை வெளிநாட்டுக்கு அனுப்புவதாகவோ இருந்தால் 2002-ஆம் ஆண்டு உயிரியல் பன்மைச் சட்டப்படி தேசிய உயிரியல் பன்மை ஆணையத்தின் அனுமதி பொதுவாக முன்கூட்டியே வேண்டும். ஆணையம் சென்னையில்தான் இருக்கிறது. காப்புரிமைக் கனவு இருந்தால் காப்புரிமைச் சட்டத்தின் 3(p) பிரிவைப் படித்துவிட்டு மேலே போங்கள். பாரம்பரிய அறிவாக ஏற்கெனவே உள்ளதற்குக் காப்புரிமை கிடையாது என்று அது சொல்கிறது. சிறுகுறிஞ்சானுக்குச் சர்க்கரைக்கொல்லி என்ற பெயரே நம் ஊரில் வழங்குகிறதே.

2. எக்ஸ்ட்ராக்ட் எத்தனை கிராம் வேண்டும்? பேனாவை எடுத்துக் கணக்குப் போடுங்கள்

இதை யாரும் சொல்லித் தருவதில்லை. பாதியில் எக்ஸ்ட்ராக்ட் தீர்ந்துபோய் இரண்டாவது முறை இலை பறித்தவர்களை எனக்குத் தெரியும். இரண்டாவது தடவை எடுத்தது வேறு சரக்கு. பருவம் மாறினால் இலைக்குள் இருப்பதன் அளவும் மாறும்.

கணக்கு இது. எலியின் எடை 200 கிராம். டோஸ் கிலோவுக்கு 200 மி.கி. என்றால் ஒரு எலிக்கு ஒரு நாளைக்கு 40 மி.கி. ஆறு எலி, 28 நாள்: 6.72 கிராம். கிலோவுக்கு 400 மி.கி. கொடுக்கும் குழுவுக்கு இதன் இரு மடங்கு, 13.44 கிராம். நோயில்லாத எலிகளுக்கு அதே 400 கொடுக்கும் குழுவும் வைத்தால் இன்னொரு 13.44. நச்சுத்தன்மைச் சோதனைக்கு 6 எலிக்கு 2.4 கிராம். ஆகமொத்தம் 36 கிராம். எலி வளரும், கொஞ்சம் சிந்தும், ஆய்வகச் சோதனைக்கு வேண்டும், சேமிப்பு மாதிரி ஒன்று ஒதுக்க வேண்டும். 60 கிராம் கையில் இருந்தால் நிம்மதி. 100 கிராம் தூளில் 10 கிராம் எக்ஸ்ட்ராக்ட் கிடைக்கும் என்று வைத்தால் 600 கிராம் தூள் வேண்டும். நான் 1 கிலோவாக எடுத்தேன். பச்சை இலை அதைப்போல் நான்கைந்து மடங்கு.

நிழலில் காயவையுங்கள். மழைக்காலத்தில் பறித்தால் மின்விசிறியின் கீழ் மெலிதாகப் பரப்பி, தினம் இருமுறை கிளறுங்கள்.

கரைப்பானில் ஒரு பொறி இருக்கிறது. 70 சதவீத எத்தனால் நல்லது. ஆனால் சுத்த எத்தனாலைக் கடையில் போய் வாங்க முடியாது. மதுவிலக்கு ஆயத்தீர்வைத் துறை அனுமதியின் பேரில் கல்லூரி ஸ்டோர் வழியாகத்தான் வரும். இலை பறிக்கும் முன்பே இண்டெண்ட் போட்டுவிடுங்கள். எத்தனால் வரவில்லை என்று மெத்தனாலுக்கு மாறுபவர்கள், எச்சமாக நிற்கும் மெத்தனால் எலிக்கு நஞ்சு என்பதை மறந்துவிடுகிறார்கள். 1 கிலோ தூளை மூன்று முறை ஊறவைத்து வடிக்க 15 லிட்டருக்கு மேல் பிடிக்கும். கரைப்பானை ஆவியாக்கும் ரோட்டரி எவாப்பரேட்டரில் 50 டிகிரியைத் தாண்ட விடாதீர்கள்.

வந்து சேர்வது தார் மாதிரி ஒட்டும் கரும்பச்சைப் பிசின். காற்றின் ஈரத்தை இழுக்கும். ஒரே பாட்டிலில் வைத்துத் தினமும் திறக்காதீர்கள். வாரத்துக்கு ஒன்றாகச் சிறிய பழுப்புக் குப்பிகளில் பிரித்து, சிலிக்கா ஜெல்லோடு குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள்.

எலிக்குப் போகும் முன் இரண்டு சோதனை. ஒன்று எச்பிடிஎல்சி, எக்ஸ்ட்ராக்ட்டில் உள்ள வேதிப்பொருள்களைப் பிரித்து அளக்கும் முறை. சிறுகுறிஞ்சானுக்கு அமிலத்தில் காய்ச்சிப் பிரித்து, ஜிம்னிமிக் அமிலத்திலிருந்து வரும் ஜிம்னிமாஜெனின் அளவைப் பார்ப்பது வழக்கம். இந்த எண் இல்லாவிட்டால் உங்கள் ஆய்வை இன்னொருவர் திரும்பச் செய்துபார்க்க முடியாது. இரண்டாவது கன உலோகம்: ஈயம் 10 பிபிஎம், ஆர்செனிக் 3, பாதரசம் 1, காட்மியம் 0.3 என்ற வரம்புக்குள் இருக்க வேண்டும். சாலையோரம் பறித்த இலையில் ஈயம் இருக்கலாம். அதனால்தான் தோட்டம்.

3. நொதிச் சோதனை: நல்ல எண் வந்ததும் துள்ளாதீர்கள்

ஆல்ஃபா அமைலேஸ், ஆல்ஃபா குளுக்கோசிடேஸ் ஆகிய மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் நொதிகளைத் தடுக்கிறதா என்று சோதனைக் குழாயில் பார்ப்பது எளிது, மலிவு, ஒரு வாரத்தில் முடியும். பொறிகள் மூன்று. எக்ஸ்ட்ராக்ட்டின் நிறமே 405 நானோமீட்டரில் ஒளியை உறிஞ்சும், ஆகவே நொதி சேர்க்காத மாதிரியை ஒவ்வொரு அளவுக்கும் தனியாக வைத்துக் கழிக்க வேண்டும். டானின் என்ற துவர்ப்புப் பொருள் எந்தப் புரதத்தையும் பிடித்து வீழ்த்தும், அது மருந்துச் செயல் ஆகாது. ஈஸ்ட்டிலிருந்து எடுத்த குளுக்கோசிடேஸில் அகார்போஸ் என்ற சர்க்கரை மாத்திரை சரியாக வேலை செய்யாது. அதை ஒப்பீடாக வைத்து “அகார்போஸைவிட என் இலை மேல்” என்று எழுதினால் விஷயம் தெரிந்தவர்கள் அங்கேயே படிப்பதை நிறுத்திவிடுவார்கள். எலிக் குடலிலிருந்து எடுத்த நொதியைப் பயன்படுத்துங்கள்.

4. படிவம் பி: இதற்குத்தான் நேரம் ஒதுக்க வேண்டும்

எலிகளைத் தொட நிறுவன விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். ஐஏஇசி என்போம். அதற்குக் கொடுக்கும் விண்ணப்பம்தான் படிவம் பி. அந்தக் குழுவுக்கு மேலே இருப்பது சிசிஎஸ்இஏ, விலங்குச் சோதனைகளைக் கண்காணிக்கும் மத்திய அரசுக் குழு. முன்பு சிபிசிஎஸ்இஏ என்றிருந்தது. சீனியரின் பழைய கோப்பைப் பார்த்துப் பழைய தலைப்போடு படிவத்தை நிரப்பினால் திரும்பி வரும். எலி, சுண்டெலி போன்ற சிறு விலங்குகளுக்கு ஐஏஇசி ஒப்புதலே போதும்.

குழு நினைத்த நேரம் கூடாது. சிசிஎஸ்இஏ நியமித்த வெளி உறுப்பினர்கள் வந்தாக வேண்டும். நான் இருந்த இடத்தில் ஆண்டுக்கு இரண்டு மூன்று கூட்டம்தான் நடந்தது. ஒரு கூட்டத்தைத் தவறவிட்டால் நான்கைந்து மாதம் போச்சு. ஆகவே செடிக்குச் சான்று கையில் வந்த அன்றே அடுத்த கூட்டம் எப்போது என்று கேட்டு, அதிலிருந்து பின்னோக்கி எண்ணி வேலையை அமையுங்கள். எக்ஸ்ட்ராக்ட் எடுப்பதும் எச்பிடிஎல்சியும் நொதிச் சோதனையும் கூட்டத்துக்காகக் காத்திருக்கும் மாதங்களில் நடக்கட்டும். நான் இவை எல்லாவற்றையும் முடித்துவிட்டுப் படிவத்தை எடுத்தேன். 5 மாதம் சும்மா இருந்தேன்.

படிவத்தில் அவர்கள் தோண்டித் தோண்டிக் கேட்பது எண்ணிக்கையைத்தான். என் குழுக்கள்: நோயற்ற எலி, நோயிருந்தும் மருந்தில்லாத எலி, நோயும் கிளிபென்கிளமைடும் (ஒப்பீட்டுக்கான சர்க்கரை மாத்திரை), நோயும் எக்ஸ்ட்ராக்ட் 200-ம், நோயும் எக்ஸ்ட்ராக்ட் 400-ம், நோயற்ற எலிக்கு எக்ஸ்ட்ராக்ட் 400. ஆறு குழு, குழுவுக்கு ஆறு, மொத்தம் 36. கடைசிக் குழுவைப் பலர் விட்டுவிடுகிறார்கள். சர்க்கரை சரியாக இருக்கும் உடம்பிலும் இந்த இலை சர்க்கரையை இறக்குமா என்ற கேள்விக்கு அதில்தான் பதில் இருக்கிறது. மனிதர் விஷயத்தில் அது பாதுகாப்பைப் பற்றிய கேள்வி.

36 என்று மட்டும் எழுதாதீர்கள். நோயை உண்டாக்கும் ஊசி போட்ட எல்லா எலிக்கும் சர்க்கரை ஏறாது. சில இறக்கும். நோயுள்ள குழுக்களுக்கு 24 எலி வேண்டும் என்றால் 33 எலிக்கு ஊசி போடுவதாகக் காரணத்தோடு எழுதுங்கள். ஒப்புதல் பெற்ற எண்ணுக்கு மேல் ஓர் எலியைக்கூடப் பிறகு சேர்க்க முடியாது. திருத்த விண்ணப்பம், மறுபடி கூட்டம்.

டோஸைத் தேர்ந்தெடுக்கும் முன் அதை மனித அளவுக்கு மாற்றிப் பாருங்கள். எலி டோஸை 6.2-ஆல் வகுக்க வேண்டும். கிலோவுக்கு 400 மி.கி. என்பது மனிதருக்கு ஏறத்தாழ 65 மி.கி. 60 கிலோ எடை உள்ளவர் ஒரு நாளைக்கு 3.9 கிராம் எக்ஸ்ட்ராக்ட் சாப்பிட வேண்டும், அதாவது 39 கிராம் இலைத்தூள். யாரால் முடியும்? நான் 400-ல் நல்ல முடிவு வந்தது என்று மகிழ்ந்த பிறகுதான் இந்தக் கணக்கைப் போட்டேன். கிலோவுக்கு 100 மி.கி. கொடுக்கும் குழு ஒன்று வைத்திருக்க வேண்டும் என்று இன்றைக்கும் தோன்றுகிறது.

வலியைக் குறைக்க என்ன செய்வீர்கள், எந்த நிலை வந்தால் எலியை ஆய்விலிருந்து விடுவிப்பீர்கள், எப்படிக் கருணைக்கொலை செய்வீர்கள் என்ற கேள்விகளுக்கு ஒற்றை வரியில் பதில் எழுதாதீர்கள். எடை 20 சதவீதம் குறைந்தால் நிறுத்துவேன் என்பதுபோல் எண்ணோடு எழுதுங்கள். குழுவுக்காக மட்டும் சொல்லவில்லை. அந்த நாள் வரும்போது முடிவெடுக்கும் தெம்பு நமக்கு இருக்காது, எழுதி வைத்த வரிதான் கைகொடுக்கும்.

5. பணம்

நான் கட்டிய பில்களின் விலையை வைத்து, மேலே சொன்ன எண்ணிக்கைக்குப் போட்ட கணக்கு இது, உங்கள் ஊரில் கூடக்குறைய இருக்கும். எலி 51 (சோதனைக்கு 45, நச்சுத்தன்மைக்கு 6), ஒன்று 550 வீதம் 28,050 ரூபாய். தீவனமும் உமியும் 12,000. நோயை உண்டாக்கும் ஸ்ட்ரெப்டோசோடோசின் 1 கிராம் 16,000. குளுக்கோமீட்டர் ஸ்ட்ரிப் 250, ஒன்று 20 வீதம் 5,000. கரைப்பான் 9,000. எச்பிடிஎல்சியும் கன உலோகமும் 14,000. இன்சுலின், கொழுப்பு, கல்லீரல், சிறுநீரகச் சோதனைக்கான கிட்டுகள் 18,000. திசுச் ஸ்லைடு 24, ஒன்று 400 வீதம் 9,600. கூட்டினால் 1,11,650. எலிகளைப் பதிவு பெற்ற வளர்ப்பிடத்தில் மட்டும் வாங்கி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். ரசீது இல்லாவிட்டால் பதிவேட்டில் ஏற்ற முடியாது.

ஸ்ட்ரிப்பை ஒரே லாட் எண்ணில் மொத்தமாக வாங்குங்கள். பாதியில் கம்பெனி மாற்றினால் அளவும் மாறும்.

6. நச்சுத்தன்மை: 3 வாரம்

ஓஇசிடி என்ற பன்னாட்டு அமைப்பின் 423-ஆம் வழிமுறைப்படி மூன்று பெண் எலிகளுக்கு ஒரே டோஸ் கொடுத்து 14 நாள் பார்க்க வேண்டும். நாட்டில் காலம் காலமாகப் புழங்கும் இலை என்பதால் பலரும் நேராக 2000 மி.கி.யில் தொடங்குகிறார்கள். மூன்றும் பிழைத்தால் இன்னும் மூன்றில் உறுதி செய்வோம். எலி சாகவில்லை என்பதால் இலை பாதுகாப்பானது என்று எழுதிவிடாதீர்கள். ஒருநாள் டோஸுக்கு மட்டுமே இது பதில். நூற்றுக்கணக்கான நாள் சாப்பிட வேண்டிய நோய்க்கு 28 நாள், 90 நாள் சோதனைகள் தனியாக உண்டு.

7. எஸ்.டி.இசட். நாள்

ஸ்ட்ரெப்டோசோடோசினை ஆய்வகத்தில் எஸ்.டி.இசட். என்போம். குளுக்கோஸ் போல வேடமிட்டுக் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்லுக்குள் நுழைந்து அதை அழிக்கும். மைனஸ் 20 டிகிரியில் வைக்க வேண்டும். கரைத்த பின் நிமிடக் கணக்கில் கெடும்.

முதல் நாளே 0.1 மோலார் சிட்ரேட் பஃபரைத் தயாரித்து, பிஎச் 4.5 இருக்கிறதா என்று மீட்டரில் பார்த்துக் குளிரில் வையுங்கள். எலிகளை முதல் நாள் இரவு பட்டினி போடுங்கள். தண்ணீர் இருக்கட்டும். காலையில் ஒவ்வொரு எலியின் எடையையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எத்தனை மில்லி என்று பட்டியல் போட்டுச் சுவரில் ஒட்டுங்கள். அதன் பிறகுதான் மருந்துக் குப்பியைத் திறக்க வேண்டும். ஆறேழு எலிக்கு வேண்டியதை மட்டும் எடைபோட்டு, அலுமினியத் தாள் சுற்றிய குழாயில் ஐஸ் மேல் வைத்துக் கரைத்து, 15 நிமிடத்துக்குள் வயிற்று ஊசியாகப் போட்டு முடியுங்கள். அடுத்த ஆறுக்கு மறுபடி புதிதாகக் கரையுங்கள். 33 எலிக்கும் ஒரே குழாயில் கரைத்தால் கடைசிப் பத்து எலிக்கு நீங்கள் போடுவது மருந்தே அல்ல. கையுறை, முகக்கவசம் கட்டாயம். மனிதருக்கும் புற்றுநோய் உண்டாக்கக் கூடிய பொருள் என்றே இதைக் கருதுகிறார்கள்.

இனி வருவதைத் தயவுசெய்து கவனமாகப் படியுங்கள். பீட்டா செல் உடையும்போது அதற்குள் சேர்ந்திருந்த இன்சுலின் மொத்தமாக இரத்தத்தில் கொட்டும். ஊசி போட்ட சில மணி நேரத்தில் சர்க்கரை ஏறாது, பாதாளத்துக்கு இறங்கும். அன்றிரவு குடிநீருக்குப் பதிலாக 5 அல்லது 10 சதவீதக் குளுக்கோஸ் நீரை வைக்க வேண்டும், தீவனத்தையும் திருப்பித் தர வேண்டும். நான் வெறும் தண்ணீர் வைத்துவிட்டு விடுதிக்குப் போனேன். காலையில் கதவைத் திறந்தபோது 11 எலிகள் விறைத்துக் கிடந்தன. ஒன்று கூண்டுக் கம்பியில் முன்னங்கால் வைத்தபடியே இறந்திருந்தது. நான் கேட்டிருந்த உபரி எலி மூன்றுதான். திருத்த விண்ணப்பம், அடுத்த கூட்டம், இன்னொரு 5 மாதம். காலத்தை எப்படியாவது ஈடுகட்டலாம், அந்த 11 உயிர் வராது. ஒரு பாக்கெட் குளுக்கோஸ் போதுமாயிருந்தது.

72 மணி நேரம் கழித்துச் சர்க்கரையைப் பாருங்கள். பட்டினி நிலையில் 250-க்கு மேல் உள்ளவற்றை மட்டும் எடுப்பது வழக்கம். ஒரு வாரம் விட்டு மறுபடி பார்த்து உறுதியான பின் குழு பிரியுங்கள். சர்க்கரையும் எடையும் எல்லாக் குழுவிலும் ஏறத்தாழச் சமமாக வரும்படி சீட்டுக் குலுக்கிப் பிரிக்க வேண்டும். கைக்கு எளிதில் வரும் சாதுவான எலிகள் ஒரே குழுவில் சேர்ந்துவிடக் கூடாது.

டோஸ் பற்றி ஒரு வார்த்தை. கிலோவுக்கு 65 மி.கி. போட்டுப் பீட்டா செல்களை அடியோடு அழித்துவிட்டு, ஒப்பீட்டு மருந்தாகக் கிளிபென்கிளமைடு கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த மருந்து வேலை செய்வதே மிஞ்சிய பீட்டா செல்லை உசுப்பித்தான். செல்லே இல்லையென்றால் எதை உசுப்பும்? இரண்டாம் வகைச் சர்க்கரை நோய்க்கு நெருக்கமாக வேண்டும் என்றால் நிகோடினமைடை முதலில் போட்டு 15 நிமிடம் கழித்து எஸ்.டி.இசட். போடும் முறையோ, சில வாரம் கொழுப்புத் தீவனம் கொடுத்துக் குறைந்த டோஸ் எஸ்.டி.இசட். போடும் முறையோ இருக்கின்றன. எதை எடுப்பது என்பது படிவம் பி எழுதும்போதே முடிவாக வேண்டும்.

8. அந்த 28 நாள்

தொடங்கும் முன் காலண்டரைப் பாருங்கள். எனக்கு நடுவில் பொங்கல் வந்தது. விடுதியும் மெஸ்ஸும் மூடிவிட்டார்கள், விலங்கு அறை ஊழியரும் ஊருக்குப் போய்விட்டார். நான்கு நாள் சாவியை வாங்கி வைத்துக்கொண்டு தனியாக இருந்தேன். ஒரு நாள்கூட டோஸ் தவறக் கூடாது.

எக்ஸ்ட்ராக்ட்டை 0.5 சதவீத சிஎம்சி (மருந்தை மிதக்கவைக்கும் பசைப்பொருள்) நீரில் தினமும் புதிதாகக் கலக்குங்கள். ஒவ்வொரு எலிக்கும் சிரிஞ்சில் ஏற்றும் முன் ஒருமுறை குலுக்குங்கள், சரக்கு அடியில் தங்கும். ஊட்டும் ஊசி மூச்சுக்குழலுக்குள் போனால் எலி அங்கேயே இறக்கும். அதற்கு முன் இருபது முப்பது முறை கைதேர்ந்தவர் பக்கத்தில் நின்று பழகுங்கள். எக்ஸ்ட்ராக்ட் கொடுக்காத குழுக்களுக்கும் வெறும் சிஎம்சி ஊட்ட வேண்டும்.

நோயுள்ள எலி குடிக்கும் தண்ணீருக்கும் கழிக்கும் சிறுநீருக்கும் அளவே இல்லை. கூண்டுக்கு இரண்டு பாட்டில், காலையும் மாலையும் உமி மாற்றல். மாற்றாவிட்டால் ஈரத்தில் கிடந்து பாதம் புண்ணாகும், புண்ணே சர்க்கரையை ஏற்றும்.

0, 7, 14, 21, 28-ஆம் நாள்களில் வால் நுனியிலிருந்து ஒரு சொட்டு. எப்போதும் அதே நேரம், அதே ஆள், அதே ஆறு மணி நேரப் பட்டினி. பிடிக்கத் தடுமாறினால் பயத்திலேயே அளவு கூடும். மீட்டர் “ஹை” என்று காட்டினால் பெரும்பாலான மீட்டர்களில் 600-ஐத் தாண்டிவிட்டது என்று பொருள். அந்த இடத்தில் 600 என்று போட்டுச் சராசரி எடுக்காதீர்கள். சீரத்தைப் பிரித்து ஆய்வகத்தில் அளக்கச் சொல்லுங்கள். எச்பிஏ1சி (கடந்த பல வாரங்களின் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் அளவு) பார்ப்பவர்களும் உண்டு, ஆனால் 28 நாளில் அது முழுதாக மாறாது. எலியின் சிவப்பணு இரண்டு மாதம் வாழும்.

9. கடைசி நாளும் கணையமும்

மனிதக் கணையம் போல எலியின் கணையம் ஒரே கட்டியாக இருக்காது. மண்ணீரலுக்கும் முன்சிறுகுடலுக்கும் நடுவே சவ்வில் படர்ந்து, பார்க்கக் கொழுப்பு மாதிரியே இருக்கும். என் முதல் இரண்டு மாதிரிகளில் ஸ்லைடு முழுக்கக் கொழுப்புதான். பிறகு ஒரு லேப் டெக்னீஷியன் அக்கா சொல்லிக் கொடுத்தார்: ஃபார்மலினில் போடு, கொழுப்பு மிதக்கும், கணையம் மூழ்கும். அதன் பிறகு ஒன்றுகூடத் தப்பவில்லை. தன் நொதியாலேயே தன்னைக் கரைத்துக்கொள்ளும் உறுப்பு அது. முதலில் கணையத்தை எடுத்துவிட்டுப் பிறகு மற்றதைத் தொடுங்கள்.

ஸ்லைடில் குழுவின் பெயர் எழுதாதீர்கள், குறியீட்டு எண் மட்டும். படிப்பவருக்கு எது எந்தக் குழு என்று தெரியக் கூடாது. புள்ளியியலில் இரண்டிரண்டு குழுவாக டி-டெஸ்ட் போட்டுக்கொண்டே போவதைத் தவிர்த்து, எல்லாக் குழுக்களையும் ஒன்றாக ஒப்பிடும் அனோவாவும் அதன் பின் டனெட் அல்லது டூகியும் போடுங்கள். இறந்த எலிகளையும், சேர்க்காமல் விட்டவற்றையும் காரணத்தோடு கட்டுரையில் எழுதுங்கள். விலங்கு ஆய்வுக் கட்டுரையில் என்னென்ன எழுத வேண்டும் என்று சொல்லும், 2020-இல் வந்த அரைவ் 2.0 பட்டியலை ஆய்வு தொடங்கும் முன்பே அச்சடித்து வைத்துக்கொண்டால் எதைக் குறித்து வைக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

10. மனிதருக்கு எப்போது?

உங்கள் எலி முடிவு நன்றாக வந்ததும் சொந்தக்காரர்களிடமிருந்து போன் வரும். எனக்கும் வந்தது. “தூள் இருந்தா கொஞ்சம் கொடுப்பா” என்று என் பெரியம்மாவே கேட்டார். கொடுக்கவில்லை.

மனித ஆய்வு முற்றிலும் வேறு பாதை. பதிவு பெற்ற மனித நெறிமுறைக் குழுவின் ஒப்புதல், நோயாளிக்குப் புரியும் தமிழில் ஒப்புதல் படிவம், பாதிப்பு நேர்ந்தால் சிகிச்சைக்கும் இழப்பீட்டுக்கும் ஏற்பாடு, சிடிஆர்ஐ என்ற இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவு. சிடிஆர்ஐ பதிவுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் 2018 ஏப்ரல் 1 முதல், முதல் நோயாளியைச் சேர்க்கும் முன் பதிவு செய்தால்தான் ஏற்பார்கள். சேர்த்த மறுநாள் போனாலும் முடியாது. சுத்திகரித்துத் தரப்படுத்திய பகுதியைப் புதிய மருந்தாகக் கொண்டுவர எண்ணினால் 2015-இல் வந்த பைட்டோஃபார்மசூட்டிகல் விதி பொருந்தும். குறைந்தது நான்கு வேதிப்பொருள்களை அளந்து காட்ட வேண்டும், மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதியும் வேண்டும். 1954-ஆம் ஆண்டு மருந்துகள், மாய நிவாரணங்கள் சட்டப்படி சர்க்கரை நோயைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதே குற்றம். நண்பர் கடைக்கு ஒரு நோட்டீஸ் எழுதிக் கொடுப்பதும் அதில் வரும்.

சிறுகுறிஞ்சானை மனிதரில் முன்பே பார்த்திருக்கிறார்கள். சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1990-இல் வெளியிட்ட ஆய்வில் இரண்டாம் வகை நோயாளிகள் 22 பேர், வழக்கமான மாத்திரையோடு சேர்த்து ஜிஎஸ்4 என்ற இலை எக்ஸ்ட்ராக்ட்டை நாளொன்றுக்கு 400 மி.கி. வீதம் 18 முதல் 20 மாதம் சாப்பிட்டார்கள். சர்க்கரை குறைந்தது, 5 பேர் மாத்திரையை நிறுத்த முடிந்தது. நம்பிக்கை தரும் முடிவு. ஆனால் சீட்டுக் குலுக்கிப் பிரித்துப் போலி மாத்திரையோடு ஒப்பிட்ட ஆய்வு அல்ல அது. நீங்கள் நிரப்ப வேண்டிய இடம் அதுதான்: எச்பிஏ1சியை அளவுகோலாக வைத்துக் குறைந்தது 12 வாரம், மெட்ஃபார்மினை நிறுத்தாமல் கூடுதலாகக் கொடுத்து, மருத்துவர், நோயாளி இரு பக்கமும் யாருக்கு எது என்று தெரியாமல். கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு சாப்பிடுபவர்களைச் சேர்த்தால் தாழ்சர்க்கரை வரக்கூடும். அவர்கள் கையில் குளுக்கோமீட்டர் கொடுத்து, இரவில் வியர்த்தால் யாரைக் கூப்பிட வேண்டும் என்ற எண்ணை ஒப்புதல் படிவத்தின் முதல் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் அச்சிடுங்கள்.

பெரியம்மாவிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: “நான் பார்த்தது 36 எலிய, அதுவும் 28 நாள். நீங்க இன்சுலின விடாதீங்க. டாக்டர்கிட்ட போறப்ப நானும் கூட வர்றேன்.” அடுத்த செவ்வாய்க்கிழமை போனோம்.